அம்மாவின் சம்மதம்

தாவா எங்கள் அனல் மின் நிலையத்தில் சேர்ந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்பு தெற்கே கோபிப் பாலைவனத்தில் ஒரு சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன். குளிர்காலத் தொடக்கத்தில் அவன் மனைவி கல்லீரல் நோயில் இறந்துபோனாள். அதன் பிறகு சுரங்க வேலையை விட்டுவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு தர்கானுக்கு வந்து, எங்கள் குடியிருப்பிலேயே வீடு பிடித்தான். மூத்தவள் நந்தின், ஒன்பது வயது. இளையவன் சோதோ, ஐந்து.

ஜூலையில் வரும் நாதம் திருவிழா விடுமுறைக்குப் பிள்ளைகளைக் காரில் எல்லை தாண்டி, ரஷ்யாவில் இருக்கும் பைகால் ஏரிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னான். முந்தைய கோடையிலேயே கொடுத்த வாக்கு அது. நான் இரண்டு முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன் என்பதால், பிள்ளைகளுக்கு என்னென்ன வேண்டும் என்று என்னிடம்தான் கேட்டான்.

"ஆளுக்கொரு பாஸ்போர்ட். பிறப்புச் சான்றிதழ். அம்மா கூட வரலைன்னா, அம்மாவோட சம்மதம் நோட்டரி முத்திரையோட..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

"தெரியும்," என்றான். "விடு."

அம்மா இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் காட்ட வேண்டும். அது அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. அந்தக் காகிதம் அவனிடம் இல்லை. மனைவியின் அண்ணன் கோம்போ வாங்கி வைத்துக்கொண்டார்.

கோம்போ எல்லையோரத்து சுக்பாத்தரில் ரயில்வேயில் இருப்பவர். தங்கைக்குக் கடைசிக் காரியங்கள் அத்தனையையும் முன்னின்று செய்தவர் அவர்தான். கடைசி நாட்களில் அவளும் பிள்ளைகளும் அவர் வீட்டில்தான் இருந்தார்கள். தாவா சுரங்கத்தில் ஷிப்டில் இருந்தான். பனிப்புயலில் பாதை அடைபட்டுவிட்டது. லாமா குறித்துக் கொடுத்த நாளைத் தள்ளிவைக்க முடியாது. அவன் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். சம்பளத்துக்கு நேரத்துக்குப் போகிறவன் பெண்டாட்டிக்குப் போகவில்லை என்று கோம்போ ஊர் முன்னால் சொன்னார். துக்கம் முடியும் நாற்பத்தொன்பதாம் நாள் வருவதற்குள் தாவா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட்டான். புத்தாண்டுக்கும் அவர் வீட்டுக்குப் போய் வணங்கவில்லை. பெரியவர் ஒருவரைப் புத்தாண்டில் பார்க்காமல் விடுவது எங்களிடையே கன்னத்தில் அறைவதற்குச் சமம். அதோடு பேச்சு நின்றது.

வியாழக்கிழமை விடிந்ததும் பிரியஸ் காரில் கிளம்பினார்கள். பின் சீட்டில் மெத்தை, கூடாரம், ஆட்டுக்கறி, ஒரு ஃபிளாஸ்க் பால் தேநீர். சுக்பாத்தர் வந்தது. கோம்போ வீட்டுத் தெரு முனையில் இருக்கும் தண்ணீர்க் கிடங்கைப் பார்த்ததும் நந்தின் கண்ணாடியில் மூக்கை வைத்தாள்.

"அப்பா, மாமா வீடு!"

"வரும்போது பார்த்துக்கலாம்."

"செர்மா அத்தை இன்னிக்கு கறி அடைச்சு ஹூஷூர் பொரிச்சிருப்பாங்க."

"வரும்போதுன்னு சொன்னேன்ல."

அல்தன்புலாக் எல்லைச் சாவடியில் கார்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. பகல் சாய்ந்த பிறகுதான் அவர்கள் முறை வந்தது. கூண்டுக்குள் இளம்பெண் ஒருத்தி, சீருடையில். பாஸ்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்தாள். பிறப்புச் சான்றிதழ்களையும் பார்த்தாள். பிறகு குனிந்து கார் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"இவங்கம்மா வரலையாண்ணே?"

"இல்லை."

"அப்போ சம்மதக் கடுதாசி?"

எப்படியாவது போய்விடலாம், கூட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள் என்றுதான் தாவா அதுவரை நினைத்திருந்தான். ஒருவேளை கேட்டால் சொல்லவென்று பல நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் வாயில் வரவில்லை. காரிலிருந்து இறங்கிவந்த நந்தின்தான் சொன்னாள்.

"எங்கம்மா சாமியாயிட்டாங்க."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "அதுக்கான சான்றிதழ் இருக்காண்ணே?" என்றாள்.

"வீட்டுல இருக்கு. புள்ளையே சொல்றாளேம்மா. பொய்யா சொல்லும்?"

"நான் நம்பறேண்ணே. போன வருஷம் இதே மாதிரி ஒருத்தர் சொன்னதை நம்பி விட்டோம். ரெண்டு பிள்ளைங்களை அங்கேயே விட்டுட்டு அவர் மட்டும் திரும்பி வந்தார். உசுரோட இருக்கிற அம்மா, இன்னிக்கும் வந்து இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. நம்பிவிட்டவர் இப்போ வேலையில இல்லை."

வரிசையிலிருந்து காரை வெளியே எடுப்பது பெரும்பாடாக இருந்தது. முன்னும் பின்னும் நகர்த்தி, எல்லோரும் ஹாரன் அடித்து, வேடிக்கை பார்த்து. பின்னால் லாண்ட் க்ரூஸரில் இருந்தவர் தலையை நீட்டினார்.

"என்ன தம்பி, அடுப்பை அணைக்காம வந்துட்டியா?"

"ஆமாண்ணே," என்றான் தாவா.

சோதோ அழுதான். பாதி வழியில் தூங்கிவிட்டான். சுக்பாத்தர் தண்ணீர்க் கிடங்கு வந்ததும் தாவா காரைத் திருப்பினான்.

கோம்போ முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். பிள்ளைகளைப் பார்த்ததும் கோடாரியைப் போட்டுவிட்டு இருவரையும் தூக்கி, நெற்றியை முகர்ந்தார். தாவாவைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் செர்மாவைத் தேடி உள்ளே ஓடிய பிறகுதான் நிமிர்ந்தார்.

"காலையில உன் வண்டி இந்தப் பக்கம் போனதைப் பார்த்தேன்."

"ஆமாண்ணே."

"இப்போ என்ன வேணும்?"

"இறப்புச் சான்றிதழ். அது இல்லாம பிள்ளைங்களை விட மாட்டேங்கறாங்க."

கோம்போ சிரித்தார். நல்ல சிரிப்பல்ல. "என் வாசலை மிதிக்க உனக்கு ஒரு காகிதம் தேவைப்பட்டிருக்கு."

"குடுங்கண்ணே. வாங்கிட்டுப் போயிடறேன்."

"இல்லை."

"அண்ணே, பிள்ளைங்களுக்காக..."

"இல்லைன்னா, இல்லைடா! என்கிட்ட இல்லை. நாப்பத்தொன்பதாம் நாள் அவ துணியை எரிச்சப்போ அதையும் சேர்த்துப் போட்டுட்டேன். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அதுதான் கண்ணுல பட்டுச்சு. எத்தனை நாள் பார்த்துக்கிட்டு இருப்பேன்? உன்னைக் கேட்டுத்தான் எரிக்கணும்னா நீ எங்கே இருந்தே?"

தாவா விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்தான். கோபம் வரவில்லை என்று பின்னால் எங்களிடம் சொன்னான். அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கப் பயந்து தானும் இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்தது அப்போதுதான் புரிந்ததாம்.

நகல் எடுக்கலாம். ஆனால் பதிவு அலுவலகம் நாதம் முடிந்து திங்கட்கிழமைதான் திறக்கும். தர்கானுக்குத் திரும்புவதாகத் தாவா சொன்னபோது, மாவுக் கையோடு வாசலுக்கு வந்த செர்மா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"பிள்ளைங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. திங்கட்கிழமைதானே? இங்கேயே கெடங்க. முற்றத்துல கூடாரம் போட்டிருக்கு. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்க வேண்டாம், நான் நடுவுல நின்னுக்கறேன்."

வெள்ளியன்று எல்லோருமாகக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போனார்கள். கோம்போ சோதோவைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அதிர்ஷ்டம் வரும் என்று ஜெயித்த குதிரையின் வியர்வையை அவன் நெற்றியில் தடவிவிட்டார். தாவா நாலடி தள்ளி நின்றான். இரண்டு ஆண்களும் "உப்பு," "தண்ணி," "சாவி" என்பதற்கு மேல் பேசிக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது அந்த மௌனம் உடைந்தது. பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். கோம்போ எலும்பைக் கத்தியால் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. நாப்பத்தொன்பது நாள் முடியற வரைக்கும் பிள்ளைங்களை இங்கே விட்டுவெச்சிருந்தா என்ன? அவ்வளவு என்ன அவசரம் உனக்கு?"

தாவா கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"நந்தின்கிட்ட என்ன சொன்னீங்கண்ணே?"

"நான் என்ன சொன்னேன்?"

"அப்பா நேரத்துக்கு வந்திருந்தா அம்மா பிழைச்சிருப்பாங்கன்னு. அன்னிக்கு சாயங்காலம் அவ என்கிட்ட வந்து, 'ஏம்ப்பா வரலை?'ன்னு கேட்டா. ரெண்டு நாள் என் கையைத் தொடலை. அதுக்கப்புறம் நான் எப்படி இங்கே விட்டுவைப்பேன்?"

"நான் அப்படிச் சொல்லலை. சின்னப் பிள்ளைகிட்ட யாராவது..."

"சொன்னீங்க," என்றாள் செர்மா, அடுப்பிலிருந்து திரும்பாமலேயே. "நான் கேட்டேன். குடிச்சிருந்தீங்க. ஆனா சொன்னீங்க."

கோம்போ கத்தியை மடக்கினார். விரித்தார். மறுபடி மடக்கினார். பிறகு எழுந்து வெளியே போய், நாய்க்கு எலும்பைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றார். வெகுநேரம் உள்ளே வரவில்லை.

அன்று மாலை அவர் நந்தினை வேலியோரம் உட்காரவைத்து ஏதோ பேசியதைத் தாவா கூடாரத்திலிருந்து பார்த்தான். என்ன பேசினார் என்று அவன் கேட்கவில்லை.

ஞாயிறு காலையில் கோம்போ நல்ல அங்கியும் இடுப்புப் பட்டையும் அணிந்து கூடாரத்துக்குள் வந்தார். உட்கார்ந்தார். மடியிலிருந்து மூக்குப்பொடிச் சீசாவை எடுத்து, வலது உள்ளங்கையில் வைத்து நீட்டினார். புத்தாண்டு வணக்கத்தின்போது நீட்ட வேண்டியது. தாவா அவசரமாகச் சட்டைக் கையை இழுத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கி முகர்ந்து திருப்பிக் கொடுத்தான்.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

"நல்லா இருக்கேன். குளிர்காலம் நல்லபடியா போச்சா?"

"போச்சுண்ணே."

ஜூலை வெயிலில் இரண்டு பேரும், புத்தாண்டில் கேட்கிற மாதிரியே, குளிர்காலத்தைப் பற்றிச் சிறிது நேரம் விசாரித்துக்கொண்டார்கள்.

திங்களன்று பதிவு அலுவலகம் திறந்ததும் இருவரும் சேர்ந்தே போனார்கள். ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். இறந்தவர் பெயரைக் கேட்டாள். இறந்தவர்களின் பெயரை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. தாவா மனைவியின் அடையாள அட்டையின் பழைய பிரதியை நீட்டினான். அந்த அம்மாள் எல்லோரிடமும் செய்வதைப் போலச் சத்தமாகப் படித்துச் சரிபார்த்தாள்.

"சொலொங்கோ. இதானே? சொ-லொங்-கோ."

"ஆமா," என்றான் தாவா.

கோம்போ முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படிப்பதுபோல நின்றார். குளிர்காலத்துக்குப் பிறகு அந்தப் பெயரை யாரும் உரக்கச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அவர் தாவாவின் தோளில் கையை வைத்தார். வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

சாவடியில் கூட்டமே இல்லை. கூண்டில் வேறு ஒருவர், நடுத்தர வயது ஆள். தாவா புதுச் சான்றிதழை எடுத்து நீட்டினான். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு மற்றக் காகிதங்களோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். முத்திரை விழுந்தது. "பார்த்துப் போங்க" என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் ரஷ்யக்காரன் இவர்களிடம் கேட்டதெல்லாம் கார் இன்சூரன்ஸ் மட்டும்தான்.

ஆனால் நாள் போய்விட்டது. புதன்கிழமை காலை ஷிப்டுக்கு அவன் வந்தாக வேண்டும். பைகாலுக்குப் போய்த் திரும்ப முடியாது. வழியில், ஓரிரண்டு மணி நேரத்தில் வந்துவிடும் வாத்து ஏரிக் கரையில் காரை நிறுத்தினான். அதே கரையில் சற்றுத் தள்ளிப் பெரிய மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நின்றன.

நந்தின் இறங்கி இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"இது பைகால் இல்லையே."

"இல்லை."

"பைகால்ல கரை தெரியாதுன்னு சொன்னீங்க. இதுல தெரியுது. புகைபோக்கி வேற இருக்கு."

"பைகால்ல கால் வெச்சா பல்லு கிட்டிக்கும். இதுல காலை வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தாள். அந்த இடத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. எந்திரங்களைக் குளிரவைத்த தண்ணீரை ஏரியில் விடுகிறார்கள் என்று தாவா அவளுக்கு விளக்க ஆரம்பித்தான். டர்பைன், நீராவி, குழாய் என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் சட்டையோடு குதித்துவிட்டாள். சோதோவும் குதித்தான். எங்கள் ஊர் ஆறுகளில் கோடையிலும் குளிரில் முழங்காலுக்கு மேல் இறங்க முடியாது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பிள்ளைகள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார்கள். இருட்டும்வரை வெளியே வர மறுத்தார்கள்.

புதன்கிழமை மூக்குத்தோல் உரிந்து வேலைக்கு வந்தான். கொதிகலன் அறையில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னப்பா, பைகால் எப்படி இருந்துச்சு?"

"போகலை," என்றான் தாவா. மூன்று பிளேட் ஹூஷூரை, திரும்பும் வழியில் செர்மா கட்டிக் கொடுத்ததாம், மேசையில் வைத்தான். "சுட வெச்சுக் கொண்டாந்திருக்கேன். சாப்பிடுங்க, ஆறிடப்போகுது."