கதிரைக் கடையை ஆட்டுவிப்பவர்

கசினோவில் சூதைவிட ஆள் உட்காரும் கதிரைதான் முக்கியம் என்பது இந்திரகுமாரின் கொள்கை. நார்த்மீட் என்ற புறநகரில் வாடகைக்கு எடுத்த கொட்டகை ஒன்றில், அவரும் மனைவி பவளமும் கிளப்புகளின் பழைய கதிரைகளுக்குப் பஞ்சு மாற்றிப் புது உறை தைத்துக் கொடுத்து வந்தார்கள். ஒருமுறை வந்த கதிரையில் ஒரு குழி இருந்தது. பஞ்சை மாற்றினாலும் மறுநாள் காலையில் அதே குழி திரும்பி வந்து நின்றது. செய்தி கேள்விப்பட்டு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி வந்தார். குழியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது என் கணவர்தான்" என்று அடையாளம் சொல்லிக் கதிரையை விலைக்கு வாங்கிப் போனார். அதிலிருந்து அந்த மனிதர் நேரத்துக்கு வீடு வந்து சேர்கிறாராம்.

அப்படிப்பட்ட கடைக்குத்தான் நகரத்துப் பெரிய கசினோ ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு மண்டபத்துக் கதிரைகள் முழுவதும் அவர்கள் கைக்கு வரும். கிளப்புகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. இந்த வேலை கிடைத்தால் கொட்டகை நிற்கும், இல்லாவிட்டால் தையல் மெஷின்களை விற்றுவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். இடையில் இருந்தது ஒரே ஒரு தடை. கசினோவுக்குப் பொருள் கொடுப்பவர் எவரானாலும் அரசாங்கத்திடம் லைசன்ஸ் வாங்க வேண்டும்.

"கதிரை தைக்கிறதுக்கு என்னத்துக்கப்பா லைசன்ஸ்?" என்று பவளம் கேட்டாள்.

"கதிரைக்குள்ளை கமெரா வைச்சு எதிராளியின்ரை சீட்டைப் பாக்கலாமாம்."

"நீங்கள் பஞ்சையே ஒழுங்கா வைக்கிறேல்லை."

விசாரணை அதிகாரி ஹரிப்பிரியா, ஹோம்புஷில் இருந்து ரயிலில் வேலைக்கு வரும் சென்னைப் பெண். இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டாள். முதலில் போன இந்திரகுமார், ஊசியை விழுங்கியவர் மாதிரி வெளியே வந்தார். பவளம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

"மேடம், லைசன்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சாகணும்" என்றாள் ஹரிப்பிரியா. "கம்பெனியை உண்மையில நடத்துறது யாருன்னு. பேருக்கு ஒருத்தரை முன்னால நிறுத்திட்டு, பின்னாலேருந்து வேற யாராவது ஆட்டி வைப்பாங்க. அது கூடாது. சொல்லுங்க, உங்க கடையில கடைசி வார்த்தை யாரோடது?"

பவளத்துக்கு இதைவிடச் சுலபமான கேள்வியை யாரும் கேட்டதில்லை. "அவர்தான் பிள்ளை. நான் சொன்னால் எங்கை கேக்கிறார்? உமக்கு ஒண்டும் தெரியாது எண்டுவார். கலியாணம் கட்டின நாளிலையிருந்து அவர் ஒருக்காலும் நான் சொன்னதைக் கேட்டதில்லை. வேணுமெண்டால் சத்தியம் பண்ணித் தாறன்."

ஹரிப்பிரியாவின் பேனா நின்றது. "நிச்சயமா?"

"ஓம், நிச்சயம்."

"சரி. விசாரணை முடியிற வரைக்கும் இதைப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கக் கூடாது."

பேசக்கூடாது என்றால் எந்த அளவுக்கு என்று அவள் சொல்லவில்லை. ஆகவே இருவரும் முழு அளவுக்கே எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் கதிரை என்ற சொல்லே எழவில்லை. உட்காருவதற்கு "அதிலை இருங்கோ" என்றார்கள். மழையைப் பற்றியும் உப்பைப் பற்றியும் பேசினார்கள். இரண்டும் தீர்ந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் நாய் அவர்கள் வீட்டுக்கு வந்து இருந்தது; அந்தத் தெருவிலேயே அமைதியான இடம் அதுதான் என்று அது கண்டுபிடித்திருந்தது. பவளத்துக்கு மட்டும் உள்ளே அரித்தது. இந்த மனுசன் அங்கே போய் என்னத்தை உளறி வைத்தாரோ?

அடுத்த வாரம் இருவரையும் ஒன்றாகவே கூப்பிட்டார்கள்.

ஹரிப்பிரியா சிரிக்கவில்லை. "ஒரு சிக்கல் இருக்கு. மேடம் சொல்றாங்க, எல்லாம் சார்தான்னு. சார் சொல்றாரு, எல்லாம் மேடம்தான்னு. ரெண்டு பேரும் 'நான் இல்ல'ன்னா மூணாவதா ஒருத்தர் இருக்கார்னுதான் மேலிடத்துல நினைப்பாங்க. யார் அந்த ஆளு? இன்னைக்குச் சொல்லலேன்னா லைசன்ஸ் கிடையாது."

பவளம் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "என்னப்பா பொய் சொல்லி வைச்சிருக்கிறியள்? நானோ நடத்திறன்?"

"பொய் சொன்னால் லைசன்ஸ் தரமாட்டினமெண்டு இந்தப் பிள்ளை சொன்னவ" என்றார் இந்திரகுமார், மேசையைப் பார்த்தபடி. "அதாலைதான் உண்மையைச் சொன்னனான்."

"உதாரணம் சொல்லுங்க சார்" என்றாள் ஹரிப்பிரியா.

அவர் தொண்டையைச் செருமினார். "பக்டரி வேலையை விட்டிட்டுச் சொந்தமாத் தொடங்குவம் எண்டது இவ. நான் விசரோ எண்டு கேட்டனான். பிறகு தொடங்கினனான். துணி வேண்டாம், பியர் கொட்டினால் துடைக்கேலாது, ரெக்சின் போடுங்கோ எண்டது இவ. முதுகுப் பக்கம் பொத்தான் வைச்சால் பொம்பிளையளின்ரை தலைமயிர் மாட்டும் எண்டதும் இவதான். பொயிண்ட் குக்கிலை இருக்கிற மச்சான் கூப்பிட்டவுடனை கடையைத் தூக்கிக்கொண்டு மெல்பேணுக்கு ஓடாதையுங்கோ எண்டதும் இவதான்."

"பொத்தான் வேண்டாமெண்டது உங்கடை யோசனை எண்டெல்லோ சொன்னனீங்கள்!" என்றாள் பவளம்.

"சொன்னனான்தான். நீர் சொல்லி ரெண்டொரு நாளுக்குப் பிறகு."

பவளம் யோசித்துப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். முதலில் "உமக்கு ஒண்டும் தெரியாது". பிறகு ஒரு காலையில், தேத்தண்ணியைக் குடித்தபடி, புதிதாகக் கண்டுபிடித்தவர் மாதிரி, "நான் ஒண்டு யோசிச்சனான் பவளம்". அவள் சொன்னதும் அவர் யோசித்ததும் ஒன்றேதான் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. அதற்குள் அடுத்த சண்டை வந்துவிடும்.

"நீங்க ஏன் சார் அப்பவே ஒத்துக்கலை?" ஹரிப்பிரியாவுக்கு இது விசாரணைக்குத் தேவையான கேள்வியா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"இவ சொல்லுறதைக் கொண்டுபோய் ஒரு கதிரையிலை இருத்திப் பாப்பன், பிள்ளை. பாரம் தாங்குதோ எண்டு. தாங்கும். எப்பவும் தாங்கும். ஆனால் உடனை ஓம் எண்டால் இவ அதோடை நிப்பாட்டிப் போடுவா. கேக்கேல்லை எண்ட கோவத்திலைதான் இதைவிட நல்லதொண்டைக் கண்டுபிடிப்பா. பிறகு பிறகு..." அவர் குரல் இறங்கியது. "இவ்வளவு காலத்துக்குப் பிறகு சொல்ல வெக்கமாப் போச்சு."

பவளத்துக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருந்தது. வீட்டில் அவள் இருந்து உறை தைக்கும் கதிரை. முதுகு உயரமாக இருக்கிறது, நோகிறது என்று சொன்னபோது, "கதிரையிலை ஒரு பிழையுமில்லை, உம்முடைய முதுகிலைதான் பிழை" என்று சொல்லி அவளைப் பிசியோவிடம் அனுப்பியவர் இவர். கொஞ்ச நாளில் நோவு போய்விட்டது.

"இஞ்சருங்கோ. அந்தக் கதிரை?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"என்ன செய்தனீங்கள்?"

"நீர் பிசியோவிட்டைப் போற நேரங்களிலை கொஞ்சம் கொஞ்சமா முதுகைக் குறைச்சனான். பஞ்சும் மாத்தினனான். ஒரேயடியாச் செய்தால் உமக்குத் தெரிஞ்சுபோயிடுமெல்லே."

"அட பாவி மனுசா! அந்தப் பிசியோவுக்குப் பயித்தம் பணியாரம் சுட்டுக்கொண்டுபோய்க் குடுத்தனானே! டப்பாவோடை!"

"எனக்கு ரெண்டுதான் வைச்சிருந்தனீர்" என்றார் இந்திரகுமார், மிகுந்த மரியாதையுடன்.

ஹரிப்பிரியா தலையைக் குனிந்து எதையோ எழுதினாள். எழுதுவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும் சொல் எதுவும் அந்த இடத்தில் இல்லை. பிறகு நிமிர்ந்து, "மூணாவது ஆள் இல்ல. ஆட்டி வைக்கிற ஆளு கிடைச்சிட்டாங்க. ஆன்ட்டி, உங்க கைரேகை வேணும்" என்றாள். மேடம் எப்போது ஆன்ட்டி ஆனாள் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை.

லைசன்ஸ் பவளத்தின் பேரில் வந்தது. கழுத்தில் தொங்கப்போடப் படம் போட்ட அட்டையும் வந்தது. இந்திரகுமாருக்கு அவளிடம் வேலை செய்பவர் என்று ஒரு சின்ன அட்டை. அதை அவர் சட்டைக்கு வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு கடைத்தெருவெல்லாம் போய்வந்தார்.

கசினோ மண்டபத்துக் கதிரைகளுக்கு நிறம் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. "மெரூன் போடுவம்" என்றார் அவர்.

"உங்களுக்கு ஒண்டும் தெரியாது" என்றாள் பவளம்.

இரண்டொரு நாள் போனது. காலையில் தேத்தண்ணியோடு முதுகு குறைந்த தன் கதிரையில் வந்து அமர்ந்தாள். பக்கத்து வீட்டு நாய் காலடியில் படுத்திருந்தது; அதைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை.

"நான் ஒண்டு யோசிச்சனானப்பா" என்றாள். "மெரூன்."

இந்திரகுமார் முகத்தில் ஒரு கோடும் அசையவில்லை. "இது எனக்குத் தோன்றவேயில்லையே!" என்றார்.