உயிர்ச்சேதம் இல்லை

மூன்று பக்கம் மலை, நாலாவது பக்கம் ஏரி. இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது என்று ஊரே சும்மா இருந்தபோது, மாற்றலாகி வந்த ஊராட்சி எழுத்தர் மட்டும் பன்னிரண்டு பக்கம் எழுதி அச்சடித்துவிட்டார். ஏரியின் ஆழம், மூடிப்போன சுண்ணாம்புச் சுரங்கம், மலைச்சரிவு, எல்லாம் அதில் உண்டு. படகோட்டிகள் அதை மனப்பாடமாகப் பயணிகளுக்கு ஒப்பிக்க வேண்டும் என்ற உத்தரவையும் அவரே தட்டச்சு செய்தார். எழுதினவருக்குக் கேட்க ஆள் வேண்டாமா?

மனைவியின் அண்ணன் ஊரிலிருந்து வந்ததும் படகில் ஏற்றினார். ஏரியைக் காட்டுகிறேன் என்றுதான் பேர்.

ஐம்பது தாண்டிய படகோட்டி துடுப்புப் போட்டபடியே ஒப்பித்தார். எழுத்தரின் உதடுகளும் கூடவே அசைந்தன.

"நாப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால அடைமழை. மலை சரிஞ்சு கீழ்த்தெரு முழுக்க இந்தத் தண்ணிக்குள்ள போச்சு. அப்புறம் மேட்டுல ஊரைக் கட்டினாங்க."

எழுத்தர் கையைத் தூக்கினார். "நடுவுல ஒரு வரிய முழுங்கிட்டீங்களே. 'உயிர்ச்சேதம் இல்லை.'"

துடுப்பு நின்றது.

"அது மட்டும் வாயில வரமாட்டேங்குதுங்க. எங்க அக்கா அதுலதான் போச்சு. அடுத்த நடையிலேருந்து சொல்லிடறேன். உரிமத்துல கைய வச்சிடாதீங்க."

அந்த வரி பிறந்த கதை எழுத்தருக்கு நினைவு வந்தது. கோப்பில் இறந்தோர் பக்கம் காலியாக இருந்தது. கேட்டிருக்கலாம், ஊரில் மொத்தமே நாலு தெரு. ஆனால் சாப்பாட்டு நேரம். பத்தி நறுக்கென்று முடிந்தால் தேவலை போலிருந்தது. இரண்டே சொல்லில் முடித்துவிட்டு, கை கழுவப் போனார்.

நடு ஏரியில் வெட்கப்படுவது சிரமமான காரியம். எழுந்து போக முடியாது. தலை குனிந்தால் தண்ணீர், அதற்கடியில் கீழ்த்தெரு. மச்சான் திடீர் அக்கறையோடு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நான் யாரையும் கேக்காம எழுதினது," என்றார் எழுத்தர். "நீங்க சொல்ல வேண்டாம். உத்தரவையும் கிழிச்சுடறேன்." பிறகு கேட்டார்: "எத்தனை பேருங்க?"

படகோட்டி துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, கீழ்த்தெருவின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். எழுத்தர் மச்சானிடம் பேனா வாங்கி, கையிலிருந்த தன் பன்னிரண்டு பக்கப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதினார். அங்கே அச்சாகியிருந்த தன் படம் போக மிச்சமிருந்த இடம் போதவில்லை. நாலாவது வீட்டிலிருந்து படத்தின் மேலேயே எழுத வேண்டியிருந்தது.