இரவல் சாட்சி

ஜேக்கப்புக்குத் தன் மனைவி மேல் பொறாமை. பெண்டாட்டி தன்னைவிட அதிகம் சம்பாதிக்கிறாளே என்று வயிறு எரிகிற ஆண்பிள்ளைகள் உண்டு. இவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. இருவரும் அடையாறில் ஒரே சபையில் போதகர்கள். ஒரே சம்பளம், ஒரே வெள்ளை அங்கி. இவன் வயிறு எரிந்ததெல்லாம் அன்புக்கரசியின் சாட்சியைக் கேட்டுத்தான்.

ஊழியத்துக்கு எப்படி வந்தோம் என்று சபை முன்னால் எழுந்து நின்று சொல்வதுதான் சாட்சி. அன்புக்கரசி மதுராந்தகம் பக்கம் விவசாயி மகள். நாற்று நட்டவள், களை பறித்தவள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுப் பள்ளிக்கு ஓடியவள். அவள் பத்தாவது படித்த வருஷம், அறுத்துக் களத்தில் போட்ட கட்டுகளை அடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டு, கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. அப்பா முளைத்த கதிரை மடியில் வைத்துக்கொண்டு பிரமை பிடித்தாற்போல உட்கார்ந்துவிட்டார். பக்கத்து ஊர்க் கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார் வந்தார். ஒரு வசனம் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இருட்டும்வரை நனைந்த கட்டுகளைப் பிரித்துப் பிரித்து உலர்த்தினார். "இதுதான் ஊழியம்னா நானும் இதையே செய்யறேன்னு அன்னைக்கு முடிவு பண்ணேன்" என்று அவள் முடிக்கும்போது கோயிலில் நாலு பக்கமும் மூக்குறிஞ்சுகிற சத்தம் கேட்கும்.

மணியடிக்கிற கோயில்பிள்ளை ஒருநாள் ஜேக்கப்பிடமே வந்து சொன்னார்: "அம்மா பேசினா நெஞ்சு அப்டியே பொங்கிக்கினு வருது பாஸ்டரே." இவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, போனால் போகிறதென்று, "நீங்க பேசினாலும் நல்லாத்தான் கீது" என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஜேக்கப்பிடம் சொல்ல என்ன இருந்தது? தாத்தா போதகர், அப்பா போதகர். போதகருக்குச் சபை கொடுக்கிற வீடான குருமனையில் பிறந்து, வேலூர்ப் பக்கம் ஒவ்வொரு குருமனையாக மாறி மாறி வளர்ந்தவன். மளிகைக் கடைக்காரர் மகன் கல்லாவில் உட்காருகிற மாதிரி இவன் அங்கியை மாட்டிக்கொண்டான். ஒரு மழையா, ஒரு முளைத்த நெல்லா? கர்த்தர் அவளுக்கு மட்டும் அள்ளிக் கொடுத்துவிட்டுத் தன்னிடம் கையை விரித்துவிட்டார் என்று அவனுக்கு உள்ளூரக் கோபம்.

போன மாதம் தி.நகரில் ஒரு சபை மாலைக் கூட்டத்தில் பேச இவனை அழைத்தது. அவளை அல்ல, இவனை. அந்தச் சந்தோஷத்தில் நாலு நாள் உட்கார்ந்து தயார் செய்தான். பேச ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, முன் வரிசைப் பெரியவர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார். பின் வரிசையில் தலைகள் போனுக்குக் குனிந்தன. ஜேக்கப்புக்குக் காது சுட்டது. எங்கிருந்து வந்ததோ, வாய் தானாகச் சொன்னது:

"நான் ஒரு விவசாயி மகன்."

தலைகள் நிமிர்ந்தன. அப்புறம் நிறுத்த முடியவில்லை. மழை, களம், மடியில் கதிர், உபதேசியாரின் மடித்துக் கட்டிய வேட்டி, ஒன்றையும் விடவில்லை. கொட்டாவி விட்ட பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த மாலை ஜேக்கப் காற்றில் மிதந்தபடி வீடு வந்தான்.

மிதந்தவன் தரைக்கு வந்தது இரண்டு வாரம் கழித்து. பட்டினப்பாக்கத்தில் வாங்கி வந்த சங்கரா மீனை அன்புக்கரசி கழுவிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். தி.நகர் சபைப் பெண்கள் சங்கச் செயலாளர் கிளாடிஸ்.

"அம்மா, எங்க பெண்கள் ஞாயிறு ஆராதனைக்கு நீங்கதான் பேச வரணும். பாஸ்டர் சாட்சியக் கேட்டு எங்க சபையே அழுதுடுச்சு. அந்த முளைச்ச நெல்லு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. உங்க சாட்சியையும் கேக்கணும்மா."

வருகிறேன் என்று சொல்லி அன்புக்கரசி போனை வைத்தாள். ஜேக்கப் சுவரைப் பார்த்தபடி நின்றான்.

"எங்கப்பாவ உங்கப்பான்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"உபதேசியாரையுமா?"

ஆமென்று தலையை ஆட்டினான்.

"எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதாங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மீனைக் கழுவினாள். அவள் கத்தியிருந்தால் இவனும் கத்தியிருப்பான். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடேன் என்று இரண்டு முறை கெஞ்சிப் பார்த்தான். "வரேன்னு சொல்லிட்டேனே" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் முன் வரிசையில் உட்கார்ந்தான். அவள் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் தன் கதை முடிந்தது. பேராயர் காதுக்கும் போகும். கைக்குட்டை ஈரமாகிவிட்டது.

அன்புக்கரசி மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். "இன்னைக்கு என் சாட்சியச் சொல்லப் போறதில்ல" என்றாள். "எனக்குத் தெரிஞ்ச ஒரு பையனப் பத்திச் சொல்றேன்."

குருமனையில் பிறந்த பையன். அந்த வீட்டில் கட்டில், நாற்காலி, பெஞ்சு எல்லாமே சபையுடையது. ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் சபையின் பெயர் எழுதியிருக்கும். அப்பாவுக்கு மாற்றல் வந்தால் எதையும் தொடாமல் கிளம்ப வேண்டும். அப்படி ஒரு மாற்றலின்போது, லாரி வாசலில் நிற்க, ஆறு வயசுப் பையன் சட்டையைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் முதுகைக் காட்டி நின்றானாம். "என் முதுகுல பேர் எழுதியிருக்காம்மா? என்னையும் இங்கயே விட்டுட்டுப் போயிடுவீங்களா?"

கல்யாணமான புதிதில் ஜேக்கப் இதை அவளிடம் வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறான். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. "இருக்கற எதுவும் தன்னோடது இல்லைன்னு நினைச்சே அந்தப் பிள்ளை வளந்துடுச்சு. ஆனா அது முதுகுல யார் பேரும் இல்லீங்க. கர்த்தர் அதை அதோட பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாரு" என்று அவள் முடித்தபோது பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள்.

ஜேக்கப்புக்குத் தன் கதை மேலேயே பொறாமை வந்தது. சொந்த முதுகு, சொந்த அம்மா, இத்தனை வருஷமும் கூடவே கிடந்தது. இவன் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. அதையும் அவள்தான் எடுக்க வேண்டுமா?

ஆராதனை முடிந்து வெளியே டீ கொடுத்தார்கள். கிளாடிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே நேராக இவனிடம் வந்தார். அன்புக்கரசி பக்கத்தில்தான் நின்றாள்.

"பாஸ்டர், யாருங்க அந்தப் பையன்? இப்ப எங்க இருக்காரு? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

அன்புக்கரசி டீயைக் குடிக்காமல் அவன் முகத்தையே பார்த்தாள். நான்தான் என்ற சொல் அவன் தொண்டை வரைக்கும் வந்தது. கிளாடிஸுக்குப் பின்னால், அன்றைக்குக் கண்ணாடியைத் துடைத்த பெரியவரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"எனக்கெப்படிங்க தெரியும்?" என்று ஜேக்கப் சிரித்தான். "நான் கழனில வளந்தவன்."