இருபத்தோராவது படம்

ஹைதராபாத் ஹப்சிகுடாவில் கனகவல்லி குடியிருந்த அபார்ட்மென்டில், குடியரசு தினத்துக்கு ஓவியக் கண்காட்சி வைப்பதென்று முடிவாயிற்று. தலைப்பு ‘நாடும் நாமும்’. வீட்டுக்கு ஒரு படம். நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டுமென்றும் இல்லை. ஏற்பாடெல்லாம் மூன்றாம் மாடி சௌம்யா. கோயம்புத்தூர்ப் பெண், ஐடி வேலை.

“மொத்தம் இருபது வீடுங்க. இருபது சார்ட் வாங்கியாச்சு” என்றாள் கூட்டத்தில்.

“இருபத்தொண்ணு” என்றாள் கனகவல்லி.

சொன்ன பிறகுதான் எல்லாரும் தன்னையே பார்ப்பது தெரிந்து கூச்சமாகிவிட்டது. புதுக்கோட்டைப் பக்கம் டீச்சராக இருந்தவள். கணவர் ராஜகோபாலுக்கு இங்கே நாச்சாரத்தில் வேலை கிடைத்ததும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து மூன்று வருடமாகிறது. தெலுங்கு இன்னும் நாக்கில் படியவில்லை. கூட்டங்களில் வாயே திறக்கமாட்டாள்.

“எப்படிங்க ஆன்ட்டி? அஞ்சு மாடி, மாடிக்கு நாலு வீடு...”

“கீழ வாட்ச்மேன் ரூம் இருக்குல்ல? தனியா அடுப்பு எரிஞ்சா தனிக் குடும்பம்னுதான் சென்சஸ்ல எழுதுவோம். தொண்ணூத்தொண்ணுல நான் வீடு வீடாப் போய் எழுதியிருக்கேன்.”

முதல் மாடி ரூஃபஸ்தான் முதலில் சிரித்தார். நான்கு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் அவருடையது; ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’, ‘ஏன்’ என்பதற்கு ‘கைக்கு’ என்று ஊர் உருது அவர் தமிழில் கலந்துவிடும்.

“ஹவ், கரெக்ட்டும்மா! கைக்கு நமக்கு யாருக்குமே தோணல?”

“தப்புதாங்க. இன்னொரு சார்ட் வாங்கிடறேன்” என்றாள் சௌம்யா, முகம் சிவந்து.

சாயங்காலம் சார்ட்டும் கிரேயான் டப்பாவுமாகக் கனகவல்லி கீழே இறங்கினாள். மொழிக்குத் துணையாக ரூஃபஸும் வந்தார். வாட்ச்மேன் நரசிம்மலுவின் மனைவி யாதம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“பேரெழுதவே வராது, எனக்குப் படமா ஒரு கேடுங்கறா” என்றார் ரூஃபஸ்.

“இந்த ஊருக்கு வந்து முதல்ல என்ன வேலை செஞ்சாங்கன்னு கேளுங்க சார்.”

யாதம்மா ஈரக்கையால் கேட்டுக்கு அப்பால் மெயின் ரோட்டைக் காட்டினாள். மெட்ரோ ரயில் ஓடும் பாலத்தின் தூண்கள்.

“மேமே கட்டினம்” என்றாள். நாங்கதான் கட்டினோம். மகபூப்நகர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, புருஷன் கம்பி கட்ட, இவள் கலவை சுமந்தாளாம். இதற்கு மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கவில்லை.

“அப்ப அதை வரைங்க!”

சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, அதன் விளிம்பை வைத்துத் தூணின் மேல்பகுதிக்கு வளைவு போட்டாள் யாதம்மா. சார்ட்டின் அடியிலிருந்து உச்சிவரை ஒரே ஒரு தூண். அதன் காலடியில், தலையில் சட்டியோடு கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பெண்.

குடியரசு தினத்தன்று வண்டிகளையெல்லாம் தெருவில் நிறுத்திவிட்டு, பார்க்கிங்கில் கயிறு கட்டித் துணி கிளிப்பால் படங்களை மாட்டினார்கள். சார்மினார் மட்டும் நான்கு. கணவன் பேரைச் சொல்லாமல் ஆறு விரலைக் காட்டி முகத்தைத் தொட்டுக்காட்டும் பெண்ணையும், சென்சஸ் நோட்டோடு முழிக்கும் தன்னையும் கனகவல்லி வரைந்திருந்தாள். அங்கே யாரும் அதிகம் நிற்கவில்லை. அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை; அவளே தூணின் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

“ரயில் எங்கே?” என்று ஒரு சிறுமி தெலுங்கில் கேட்டாள்.

நாங்க சுமந்தப்போ ரயில் வரலையே என்றாள் யாதம்மா.

எந்தத் தூண் என்று பேச்சு கிளம்பியது. ஆஸ்பத்திரி எதிரில் இருப்பதா, பஸ் ஸ்டாப் பக்கமா? ரூஃபஸின் மனைவி ஜெயசுந்தரி செருப்பை மாட்டிக்கொண்டாள். “நேரா போய்ப் பார்த்துட்டா ஆச்சு!”

நரசிம்மலு மட்டும் தயங்கினான். கேட்டை விட்டு எப்படி வருவது? “நீ போப்பா, நான் பாத்துக்கறேன்” என்று ராஜகோபால் அவனுடைய பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பதினைந்து பேர் ஊர்வலம்போல மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள். நரசிம்மலுவும் யாதம்மாவும் இரண்டு தூண்களில் எது என்று சண்டை போட்டு, கடைசியில் யாதம்மா சொன்னதே நிலைத்தது. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து நிற்க, சௌம்யா படமெடுத்தாள். மேலே ரயில் தடதடவென்று போனது.

திரும்பி வந்தபோது ராஜகோபாலின் மடியில் மூன்று பார்சல்கள்.

“டெலிவரிப் பையன் என்னை ‘அங்கிள், லிஃப்ட் வேலை செய்யுதா’ன்னு அதட்டுறான்!” என்றார்.

“செய்யுதுன்னு சொன்னீங்களா?” என்றாள் கனகவல்லி.

“எனக்கென்ன தெரியும்? மூணு வருஷமா படியிலதானே ஏறுறேன்” என்றபடி எழுந்து, நாற்காலியைத் துடைத்து நரசிம்மலுவிடம் தள்ளினார்.