கடலில்லாத நாட்டுக்கு ஒரு லோடு புளியோதரை

கடலே இல்லாத நாட்டுக்குக் கப்பலில் புளியோதரை அனுப்பப்போகிறேன் என்று வளர்மதி சொன்னபோது உத்திரமேரூரில் சிரிக்காத ஆளில்லை. ஜாம்பியாவுக்குக் கடல் கிடையாதுதான். பக்கத்து நாட்டுத் துறைமுகத்தில் சரக்கை இறக்கி, லாரியில் எல்லை தாண்டினால் ஆயிற்று. இதை விளக்கி விளக்கி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பிரிட்ஜில் வைக்காமலே ஒரு வருஷம் கெடாத சோறா, அதை எவன் தின்பான் என்று அடுத்த சிரிப்பு. தன்னிடம் வேலை செய்கிறவர்களே முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முதல் லோடு ஒழுங்காகப் போய்ச் சேராவிட்டால் பேங்க்காரன் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டுவிடுவான். ஊர் ஆயுசுக்கும் சிரிக்கும்.

அந்த லோடு அன்று காலையில் கிளம்பியது. டிரைவர் சடையப்பன் கன்டெய்னர் கதவைப் பூட்டினான். பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, எல்லாரும் கை தட்ட லாரி ஆடி அசைந்து போனது. வளர்மதிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்போது பார்த்துத் துறைமுகத்து ஏஜெண்ட் கஸ்தூரிரங்கன் போன் செய்தார்.

"பேஷா கிளம்பிடுத்தோல்லியோ? உள்ளே பழம், பூ, மாவிலைன்னு பச்சையா எதுவும் இல்லையே? போன தடவை வேற கம்பெனியிலே ஒரு பக்திமான் உள்ளே தோரணம் கட்டிட்டார். எல்லையிலே மொத்த லோடையும் திருப்பிட்டான்."

வளர்மதி அவசரமாகப் போனை வைத்தாள். மாகறல் கோயிலில் வைத்துக் கும்பிட்ட எலுமிச்சம்பழம் ஒன்றை, ஊர்க் கண் படக்கூடாதென்று, யாருக்கும் தெரியாமல் பெட்டிகளுக்கு நடுவே செருகியிருந்தாள். சடையப்பனுக்குப் போன் போட்டு வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். பிறகு, பேக்கிங் பார்க்கும் முனியம்மாளிடம் மென்று விழுங்கினாள்.

"முனிம்மா, உள்ள ஒரு எலுமிச்சம்பயம் கீது. நான்தான் வச்சேன்."

வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று பயந்தாள். முனியம்மாள் நேரே போய்க் கம்பெனி வேனில் ஏறினாள். மெஷின் ஓட்டும் வரதன் வேன் சாவியோடு ஓடிவந்தான். தரம் பார்க்கிற விஷ்ணுப்ரியா, வேலைக்கூடத்துக்குள் ஒரு பூக்கூட வைத்துக்கொண்டு வரவிடாதவள், அவளும் முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். யாரையும் கூப்பிடவே இல்லையே என்று வளர்மதிக்கு ஆச்சரியம்.

புக்கத்துறை கூட்ரோடில் லாரி நின்றிருந்தது. ஆளுக்கு ஆள் பெட்டிகளை இறக்கினார்கள். மூன்றாவது வரிசையில், குங்குமம் வைத்த அவளுடைய பழம் அகப்பட்டது.

"கெடச்சிடுச்சி! ஏத்துங்க, ஏத்துங்க!"

ஒருவரும் அசையவில்லை.

"இன்னும் ரெண்டு பொட்டி எறக்கிப் பாத்துடலாங்க்கா" என்றான் வரதன், தரையைப் பார்த்துக்கொண்டு. இறக்கியதும் பேப்பரில் சுற்றிய பழம் ஒன்று உருண்டது. அதை அவனே ஓடிப்போய்ப் பொறுக்கினான்.

அடுத்த வரிசையில் இன்னொன்று. "அது என்துதான்" என்றாள் முனியம்மாள். "இன்னாத்துக்கு மொறைக்கிற? உனுக்கு மட்டுந்தான் கோயிலு கீதா?"

விஷ்ணுப்ரியா தானே உள்ளே ஏறி, மூலையிலிருந்து ஒன்றை எடுத்துவந்தாள். பளபளவென்று உறைக்குள் இருந்தது.

"வேக்குவம் பண்ணி சீல் வச்சிட்டேன்க்கா. கெட்டுப்போயிடக் கூடாதில்ல" என்றாள். காது வரைக்கும் சிவந்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, காலங்காத்தால பேஜாரு!" என்று அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த சடையப்பன், மெல்லக் கதவோரம் கையை விட்டுத் தன் பழத்தை எடுத்தான்.

வளர்மதிக்குச் சிரிப்பு பீறிட்டது. பெட்டிமேல் உட்கார்ந்து, விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

"நீங்கல்லாம் என்னப் பாத்து சிரிச்சிக்கினு கீறீங்கன்னு நெனச்சனே!"

"சிரிச்சோந்தான்" என்றாள் முனியம்மாள். "அதுக்கோசரம் நம்ம லோடு போவ வாணாமா?"

நம்ம லோடு. வளர்மதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மூலை முடுக்கெல்லாம் பார்த்து, கடைசிப் பெட்டிவரை திரும்ப ஏற்றினார்கள். ஐந்து பழங்களையும் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார்கள். விஷ்ணுப்ரியாவின் உறையைப் பல்லால் கிழிக்க வேண்டியிருந்தது. லாரி நகர்ந்ததும் பழங்கள் நசுங்கிப் புளிப்புச் சாறு எல்லார் காலிலும் தெறித்தது. கூட்ரோடே திரும்பிப் பார்க்கும்படி அவர்கள் கூச்சல் போட்டுச் சிரித்தார்கள். எல்லாரையும்விட வளர்மதியின் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.