ஆஷ்லியின் நாற்காலி

சரவணம்பட்டியில் ஓர் ஆஸ்திரேலிய ஓட்டல் கம்பெனிக்காக ஃபோன் எடுக்கும் அலுவலகம் அது. சூலூர் லோகப்பிரியா சேர்ந்த அன்றே அவளுக்கு ஆஷ்லி என்று பேர் வைத்துவிட்டார்கள். வைத்தார்கள் என்பதுகூடச் சரியில்லை. அந்த நாற்காலிக்குப் பேர் ஆஷ்லி. யார் வந்து உட்கார்ந்தாலும் அதுதான்; பக்கத்து நாற்காலிகள் ஜேக், ஹன்னா. கூட வேலை செய்கிறவர்களும் அப்படியே கூப்பிட வேண்டும், வாய் தவறி நிஜப் பேர் வாடிக்கையாளர் காதில் விழுந்துவிடக் கூடாதாம். பெற்றவர்கள் ஆசைப்பட்டு வைத்த பேர், கைப்பேசியோடு சேர்ந்து வாசல் லாக்கரில் கிடக்கும்.

மெல்பர்ன் கிழவி ஒருத்தி அடிக்கடி பேசுவாள். "ஒன்பது வருஷமா உன் குரல் மாறவே இல்லை ஆஷ்லி" என்றாள் ஒருநாள். லோகப்பிரியா சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதையாவது கிழவியின் வயசு என்று விட்டுவிடலாம். கிழவியின் செத்துப்போன நாயின் பேர், யாரும் சொல்லித்தராமலே தன் வாயில் வந்ததுதான் அவளைக் கதிகலங்க வைத்தது.

மேலாளர் மோகன்குமாரிடம் போய் நின்றாள்.

"ஏனுங்க சார், இப்படி வேற பேர்ல வேலை செய்யறது சட்டப்படி சரிங்களா?"

"ஒண்ணும் தப்பில்லீங்க அம்மணி. பேரை மாத்திச் சொல்லி யாரையாச்சும் ஏமாத்தினாத்தான் தப்பு. சம்பளச் சீட்டு, பி.எஃப். எல்லாம் உங்க சொந்தப் பேர்லதானுங்களே இருக்குது."

"நாமளே ஏமாந்து போனா?"

"அதுக்குச் சட்டம் இல்லீங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். சிரிக்க அவருக்கென்ன, அவர் எங்கேயும் மோகன்குமார்தான்.

அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்று லீவு கிடைக்கவில்லை. "உள்ள கொண்டு போறதுக்கு முன்னால அப்பா உன்கூட ஒரு வார்த்தை பேசோணுமாமா கண்ணு" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள் அம்மா நஞ்சம்மாள். அலுவலகத்தின் உள்ளூர் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தாள் லோகப்பிரியா. அதில் வரும் அழைப்பு, அந்த நேரம் சும்மா இருக்கிறவர் காதுக்குப் போகும். லோகப்பிரியா என்று யாராவது கேட்டால் தன்னைக் கூப்பிடும்படி எல்லாரிடமும் சொல்லிவைத்தாள்.

மதியத்துக்கு முன்னால் அந்த அழைப்பு ஆஷ்லியின் காதுக்கே வந்தது.

"ஏனுங்க, லோகப்பிரியாங்கற புள்ளகிட்டப் பேசோணுங்க. நா அவளோட அம்மாங்க."

"அப்படி யாரும் இங்க வேலை செய்யலைங்களே." குரல் வழவழவென்று இருந்தது. பெற்றவளுக்கே அது யாரென்று தெரியவில்லை.

"நல்லாப் பாருங்க அம்மணி. சூலூர்ப் புள்ளைங்க. அவ அப்பாவை உள்ள கொண்டு போறாங்க. ஒரு வார்த்தை பேசோணும்னு கெடக்கறாருங்க."

ஆஷ்லி எழுந்து நின்று வரிசை வரிசையாகப் பார்த்தாள். பாவம் என்று மனசு இளகித்தான் பார்த்தாள். ஜேக் இருந்தான், ஹன்னா இருந்தாள். லோகப்பிரியா என்று யாரும் இல்லை.

"இல்லைங்கம்மா. நம்பர் மாறிப்போச்சுங்களாட்ட இருக்குது. அவருக்கு நல்லபடியா ஆகட்டுங்க."

அந்தப் பக்கம் ஓர் ஆண்குரல் மூச்சு வாங்கியபடி சொன்னது: "உடு புள்ள, வேலையா இருப்பா."

லைன் போனது. லோகப்பிரியா உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அம்மா இன்னும் கூப்பிடவில்லையே என்று பக்கத்து ஜேக்கிடம் சொன்னாள்.