ஊறுகாய் ஜாடியின் மூடி

பிணத்தைப் பார்க்க வந்த மூன்று பேரும் கிராமபோன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சம்பூர்ணம் அதைக் கவனித்தாள். புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்து அழுகிற நேரத்திலும் கண் இப்படிச் சில்லறை விஷயங்களைப் பொறுக்குவது அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அவர்கள் பார்த்த பார்வை அப்படி. ஜானகிராமனின் முகத்துக்கு ஒரு கும்பிடு. பிறகு ஸ்டூலின்மேல் துண்டு போர்த்தி வைத்திருந்த பெட்டி.

மூவரும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். ரயில்வே கார்டாக இருந்து ஓய்வுபெற்ற ஏசுபாதம், அரிசி மண்டி எல்லப்பன், டிராயிங் வாத்தியார் வாசுதேவன். செங்கல்பட்டு ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தாவான ஜானகிராமனிடம்தான் மிஷின் இருந்தது. ஆளுக்கொரு இசைத்தட்டோடு, அவர்கள் பேச்சில் பிளேட்டோடு, வருவார்கள்; கேட்டபின் அடுத்த வாரம் வரை அதை அங்கேயே விட்டுப் போவார்கள். "இந்த வாரம் இன்னா ஓடுது?" என்று அவர் ஒவ்வொருவராகக் கேட்பார். ஏசுபாதத்துக்குப் பிடில். எல்லப்பனுக்கு நாயனம்; தெருக்கோடி வரை கேட்காவிட்டால் அவருக்கு அது சங்கீதமில்லை. வாசுதேவனுக்கு ஆலாபனை. மூன்று நிமிஷத்தில் ராகம் முடிந்துவிடுகிறதே என்று வாராவாரம் அவர் முகம் தொங்கிப்போகும். துக்க வீட்டில் இன்று அவர் முகம் ஒன்றுக்குத்தான் புதிதாக எந்தச் சிரமமும் இல்லை.

அடுப்படியில் இருப்பவளை ஒரு ஞாயிற்றுக்கிழமையும் யாரும் கேட்டதில்லை. இன்றைக்குக் காலையில்தான், அவர்கள் வருவதற்கு முன்னால், கூடத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"சம்பூர்ணம், உனுக்கு இன்னா பிளேட்டு இப்ப ஓடுது?"

"பருப்பு வேவாம உயிர எடுக்குது. அதான் ஓடுது."

சிரித்தார். மிஷினுக்குச் சாவி கொடுக்கிற கரகர சத்தம் கேட்டது. பாட்டு வரவில்லை. வராமலே இருந்ததால் எட்டிப் பார்த்தாள். நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவ்வளவுதான். அலறல் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, "எழவு வூட்ல இன்னாத்துக்கு இந்தப் பொட்டி" என்று மூடியைப் படாரென்று சாத்தித் துண்டைப் போட்டாள்.

கொள்ளி வைக்க அவர் தம்பி வரதன் மாமல்லபுரத்திலிருந்து வரவேண்டும். பஸ் வரவில்லை. வாசலில் பேண்டுக்காரர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"கிளாரினெட் சுருதியே சேரல" என்று பல்லைக் கடித்தார் ஏசுபாதம். "இன்னும் கொஞ்ச நேரம் ஊதினான்னா இவரே எழுந்து வந்து நிறுத்துவாரு."

"சும்மா கெட அண்ணாத்த. எல்லாம் போச்சு" என்றார் எல்லப்பன். மூக்கைச் சிந்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "கடைசியா என் நாயனத்தத்தான் வச்சிருக்காரு. போன வாரமே தலைய ஆட்டிகினு கேட்டாரு."

"அது காது வலியில ஆட்டுனது" என்றார் வாசுதேவன். "சாவுற நேரத்துல மனுசன் நாயனமா கேப்பான்? என் ஆலாபனதான்."

"உன் ஆலாபன ஆரம்பிக்கிறதுக்குள்ள உயிரு போயிருக்கும் வாத்யாரே."

சம்பூர்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்குவதைப் பார்த்து, கூடியிருந்த பெண்கள் ஓவென்று சேர்ந்து அழுதார்கள்.

தண்ணீர் குடிக்கும் சாக்கில் அடுப்படிக்குப் போனாள். கன்னியம்மா ஆக்கியதையெல்லாம் கொட்டிவிட்டு அடுப்பைக் கழுவிவிட்டிருந்தாள். பலகைமேல் ஊறுகாய் ஜாடி. அதன் வாயில் பித்தளைத் தட்டு.

"மூடிய எடுத்தியா கன்னியம்மா?"

"நான் இன்னாத்துக்குத் தொடுறேன்? வந்தப்பவே தட்டுதான் இருந்துது."

சம்பூர்ணம் கூடத்துப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்த ஜாடிக்கு மூடி, ஒரு பிளேட்டு. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போனபோது, பெரிய வித்வானின் பிடில் என்று உறையை நம்பி அவர் வாங்கிவந்தது. போட்டால், உள்ளே ஒரு மீன்காரி சுங்கக்காரனோடு சண்டை போட்டுப் பாடினாள். முடிவில் நீளமாக ஒரு சிரிப்பு. மூவரும் அன்று சிரித்த சிரிப்பில் அவர் காது சிவந்துபோயிற்று. எத்தனையோ வாரம், "இன்னா அண்ணாத்த, மீனு விக்கலையா?" என்றே வீட்டுக்குள் நுழைந்தார்கள். அவர் பிளேட்டை அடுப்படிக்குள் நீட்டி, "ஜாடிக்கு மூடியா வச்சிக்க" என்றார்.

திருவிடந்தையில் பிறந்தவள் சம்பூர்ணம். கடற்கரையில் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பெண்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். அவர் ஆபீஸ் போனபிறகு, பிளேட்டைத் துடைத்து, ஒரு தரம், ஒரே ஒரு தரம் என்று போடுவாள். ஊசி தேய்ந்தால் வேறு போடுவாள். "இந்த வூட்ல எலி ஊசி கூடத் துன்னுது" என்று ஒருநாள் அவர் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தார். அதற்குமேல் கேட்கவில்லை. அடுத்த மாதம் முதல் ஊசி இரண்டு டப்பாவாக வந்தது. அதை அவள் இன்றுவரை யோசித்ததில்லை.

கூடத்தில் வாசுதேவனின் குரல் கேட்டது. "சண்ட இன்னாத்துக்கு? ஒரு தடவ தொறந்து பாத்துட்டாப் போச்சு."

"தொறக்காதீங்க!"

காலையில் அலறியதற்குப் பிறகு அவள் அப்படிக் கத்தவில்லை. பேண்டே நின்றுவிட்டது. துண்டைப் பாதி தூக்கியிருந்த வாசுதேவன் அப்படியே உறைந்தார். அவள் போய்ப் பெட்டிமேல் கையை ஊன்றி உட்கார்ந்தாள். உயிரோடு இருந்தபோது பட்ட கேலி போதும். படுத்துக் கிடக்கும்போதும் இந்த மனிதர் அதே பிளேட்டுக்காகப் பட வேண்டாம்.

"பாவம், அந்தப் பொட்டி மேல உயிரு" என்றாள் ஒருத்தி.

வரதன் வந்தான். எடுத்துக்கொண்டு போனார்கள்.

குளித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பிய மூவரும் விளக்கைப் பார்த்தார்கள். பார்த்தபின் போகவேண்டியதுதான். போகாமல் நின்றார்கள். சொல்லிக்கொண்டு போகக்கூடாது, பிளேட்டைக் கேட்கவும் வாய் வரவில்லை. எல்லப்பன் உத்தரத்தை ஆராய்ந்தார்.

சம்பூர்ணம் எழுந்து உள்ளறை அலமாரியைத் திறந்தாள். ஏசுபாதத்தின் கையில் பிடில். எல்லப்பனின் கையில் நாயனம். வாசுதேவனின் கையில் ஆலாபனை. வாங்கிக்கொண்ட மூவரும் தங்கள் கையைப் பார்த்தார்கள், அடுத்தவர் கையைப் பார்த்தார்கள், கடைசியில் பெட்டியைப் பார்த்தார்கள்.

"அப்ப உள்ள கீறது யார்துங்க அண்ணி?" என்றார் எல்லப்பன்.

"என்னுது."

மூவரும் வாசலுக்கு நடந்தார்கள். படியிறங்கிய ஏசுபாதம் மட்டும் திரும்பி, கேட்கலாமா என்று யோசித்து, கேட்டுவிட்டார்.

"நல்ல பிளேட்டா?"

அவள் பதில் சொல்லுமுன் எல்லப்பன் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தெருவில் ஏசுபாதத்தின் குரல் தேய்ந்தது: "ஸ்பிரிங்கு முறுக்கிக் கீதான்னு கேக்காம வந்துட்டமே. அப்டியே வுட்டா கெட்டுடும்பா..."

அவளுக்கும் அது தெரியும். ஞாயிறு மாலை எல்லோரும் போனபின், ஊசியை இறக்காமல் மிஷினை வெறுமே ஓடவிட்டு, மிச்சமிருக்கும் முறுக்கு தீர்ந்தபின்தான் அவர் மூடுவார்.

துண்டை எடுத்து மூடியைத் தூக்கினாள். மீன்காரியேதான். காலையில் அவள் தண்ணீருக்குப் போன நேரத்தில் எடுத்திருக்க வேண்டும். விளிம்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய் வட்டத்தைத் துடைத்திருந்தார். புது ஊசி மாட்டியிருந்தார். துடைத்த கையைத்தான் கழுவவில்லை. நடுக்காகிதத்தில் மிளகாய்ச் சிவப்பாக ஒரு கட்டைவிரல் தடம்.

கருமாதி முடியும்வரை வீட்டில் பாட்டு கூடாது. ஊசியை ஓரமாக விட்டுவிட்டு, பிரேக்கை மட்டும் தள்ளினாள்.

பிளேட்டு சத்தமில்லாமல் சுற்றியது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சண்டை எங்கே ஏறும், சிரிப்பு எங்கே வரும் என்று அவளுக்குத் தெரியும். சிவப்பு விரல் சுற்றிச் சுற்றி வந்தது. வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது, அவள் பக்கம் வந்து நின்றது.